66 மஸ்டாங் ஹார்ட்டாப்: பாடி முறுக்குவதை நிறுத்த எதை முதலில் போடுவது?

#1 | மிச்சிகன் முருகு

வணக்கம். என்னிடம் இருக்கும் மசில் கார் 1966 மஸ்டாங் ஹார்ட்டாப் (நிலையான கூரை உள்ளது). 289 வி8, இரண்டு பேரல் கார்புரேட்டரோடு 200 குதிரைத்திறனில் வந்த வண்டி, இப்போது நாலு பேரல் உட்கார்ந்திருக்கிறது. மூன்று கியர் பெட்டியை எடுத்துவிட்டு டி5 ஐந்து கியர் போட்டாயிற்று. முன்னால் டிஸ்க் பிரேக், ஓர் இன்ச் தாழ்ந்த கெட்டியான காயில் ஸ்பிரிங், பின்னால் ஐந்து பட்டை லீஃப் ஸ்பிரிங், நாலு பக்கமும் புது ஷாக்.

தொல்லை சஸ்பென்ஷன் மாற்றிய பிறகுதான் ஆரம்பித்தது. ரயில்வே கேட்டைத் தாண்டினால் டேஷ்போர்டு மொத்தமும் நடுங்குகிறது. வீட்டு வாசல் ஏற்றத்தில் சாய்வாக ஏறும்போது ஓட்டுநர் பக்கக் கதவுக் கண்ணாடியின் மேல் விளிம்பு கூரை ரப்பரில் உரசி 'கிரீச்' என்கிறது. அந்த நிலையில் நிறுத்திக் கதவைத் திறந்தால், திரும்ப மூடத் தோள் கொடுத்துத் தள்ள வேண்டும்.

ஆன்லைன் கடையில் கூடை நிறைய எடுத்து வைத்திருக்கிறேன்: எக்ஸ்போர்ட் பிரேஸ் (இஞ்சின் அறையில் ஷாக் டவர்களைப் பின்னால் கட்டுவது), மான்டி கார்லோ பார் (இரண்டு டவருக்கும் குறுக்கே போகும் கம்பி), சப்ஃபிரேம் கனெக்டர் (அடியில் முன் ரெயிலையும் பின் ரெயிலையும் இணைப்பது), டார்க் பாக்ஸ் (முன் ரெயிலைக் கதவுக்கடிப் பெட்டியோடு சேர்க்கும் தகட்டுப் பெட்டி). எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்கப் பட்ஜெட் இடம் தராது. எதை முதலில் போடுவது? கனெக்டரில் போல்ட் போடுவதா, வெல்டிங் வைப்பதா? ரேசுக்குப் போகும் எண்ணம் இல்லை. சனி ஞாயிறு ஓட்டம், கோடையில் ஒன்றிரண்டு நீண்ட பயணம், அவ்வளவுதான்.

#2 | அதிர்வு ஆசாமி

முருகு, நான் பாடி ஸ்ட்ரக்சர் வேலையில் இருப்பவன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த வண்டி எப்படிக் கட்டப்பட்டது என்று பாருங்கள். 1964 ஏப்ரலில் மஸ்டாங் வெளிவந்தபோது அடியில் இருந்தது பெரும்பாலும் 1960 மாடலாக வந்த ஃபால்கன். சிக்கனமான குடும்பக் கார். ஆறு சிலிண்டர் இஞ்சினுக்காக யோசித்த யூனிபாடி. தனியாக சேஸிஸ் கிடையாது. முன் ஃபிரேம் ரெயில்கள் இரண்டும் இஞ்சினைத் தாங்கிக்கொண்டு பின்னால் வந்து முன் சீட்டுக்கு அடியில் முடிந்துவிடும். பின் ரெயில்கள் லீஃப் ஸ்பிரிங்கின் முன் முனை அருகில் தொடங்கி டிக்கி வரை போகும். நடுவில்? தரைத் தகடு, டிரான்ஸ்மிஷன் டனல், கதவுகளுக்குக் கீழே ஓடும் ராக்கர் பெட்டிகள். அவ்வளவுதான். முன் ரெயிலின் வால் முனையிலிருந்து சுமையை வாங்கி ராக்கருக்குக் கடத்துவது டார்க் பாக்ஸ். 65, 66 ஹார்ட்டாப்களில் பல ஓட்டுநர் பக்கம் ஒரே ஒரு டார்க் பாக்ஸோடு வந்தவை. கன்வர்டிபிளுக்கு மட்டும் இரண்டு பக்கமும் கொடுத்தார்கள். கூரை இல்லாததால் ராக்கரின் உள்ளே கூடுதல் தகடும் சீட்டுக்கு அடியில் குறுக்குப் பலமும் வைத்தார்கள்.

இப்போது உங்கள் கேஸ். ஸ்பிரிங் மென்மையாக இருந்தவரை சாலையின் மேடு பள்ளத்தை ஸ்பிரிங்தான் வாங்கிக்கொண்டது. நீங்கள் அதைக் கெட்டியாக்கியதும், அடுத்து எது மென்மையோ அது வளைய வேண்டும். அது உங்கள் தரைத் தகடு. உள்பெட்டியை உருவிய தீப்பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் திருகிப் பாருங்கள், அதுதான் உங்கள் காரின் நடுப்பகுதி. வாசலில் சாய்வாக ஏறும்போது ஒரு முன் சக்கரம் மேலே, எதிர்மூலைப் பின் சக்கரமும் மேலே. பாடி முறுக்கிக்கொள்கிறது, கதவுச் சட்டம் நாற்சதுரம் தப்பிச் சாய்சதுரமாகிறது, கண்ணாடி ரப்பரில் உரசுகிறது. ஹார்ட்டாப்பில் கண்ணாடிக்குச் சட்டமும் இல்லை, கதவுக் கண்ணாடிக்கும் பின் பக்கக் கண்ணாடிக்கும் இடையே மேலே தூணும் இல்லை. அதனால் உடனே தெரிந்துவிடுகிறது.

என் வரிசை: முதலில் துரு பார்ப்பது, அதற்குப் பிறகு வலப்பக்க டார்க் பாக்ஸ் (இல்லையென்றால்), பிறகு கனெக்டர், அதன் பிறகு எக்ஸ்போர்ட் பிரேஸ், கடைசியில் மான்டி கார்லோ பார். கூடையில் பளபளவென்று தெரிவதை முதலில் வாங்கத்தான் எல்லோருக்கும் கை போகும். பானெட்டைத் திறந்தால் கண்ணில் படுவது அதுதானே!

#3 | ஒரிஜினல் மட்டும்

முதலில் ஒரு திருத்தம். மஸ்டாங் மசில் கார் (பெரிய இஞ்சின் வைத்த நடுத்தர வண்டி) இல்லை, போனி கார் (சின்ன ஸ்போர்ட்டி வண்டி). அந்தப் பெயரே மஸ்டாங்கால் வந்தது.

இரண்டாவது, 66 ஹார்ட்டாப்பின் அடியில் வெல்டிங் வைத்துவிட்டால் அதை எடுப்பது லேசில்லை. எக்ஸ்போர்ட் பிரேஸும் மான்டி கார்லோ பாரும் போல்ட் போட்டு மாட்டுபவை. நாளைக்கு வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். அதுவும் வெளியிலிருந்து வந்த சரக்கு இல்லை. உள்ளூர் வண்டிகளுக்கு ஷாக் டவரிலிருந்து (முன் ஸ்பிரிங்கும் ஷாக்கும் மேலே முட்டும் தகட்டுத் தூண்) கவுலுக்கு (முன் கண்ணாடிக்குக் கீழுள்ள தகட்டுப் பெட்டி) இரண்டு தனித்தனிப் பிரேஸ்களை மெல்லிய தகட்டில் அடித்துக் கொடுத்தது ஃபோர்டு. வெளிநாட்டுக்குப் போகும் வண்டிகளுக்குச் சாலை மோசமாக இருக்கும் என்று ஒரே துண்டாகக் கனமான பிரேஸ் போட்டார்கள். எக்ஸ்போர்ட் பிரேஸ் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. மான்டி கார்லோ பார் 1963, 64 மான்டி கார்லோ ராலியில் ஓடிய ஃபால்கன் ஸ்பிரின்ட் வழி வந்தது. மஸ்டாங்கிலிருந்து உருவாக்கிய 1965 ஷெல்பி ஜிடி350இல் இரண்டும் உண்டு. 306 குதிரைத்திறனுக்கு அது போதுமென்றால் உங்கள் 289க்கு ஏன் போதாது?

#4 | அதிர்வு ஆசாமி

» 306 குதிரைத்திறனுக்கு அது போதுமென்றால் உங்கள் 289க்கு ஏன் போதாது?

ஷெல்பி வண்டி அன்றைக்குப் புத்தம் புதுசு. ஸ்பாட் வெல்டு எல்லாம் இறுக்கமாக இருந்தது, தரையில் துரு இல்லை. ரேசுக்குப் போன ஜிடி350ஆர் வண்டிகளில் ரோல் பாரும் இருந்தது. அறுபது வருடம் மிச்சிகன் குளிர்காலச் சாலை உப்பைத் தின்ற தரையோடு அதை ஒப்பிட முடியாது.

இன்னொன்று. எக்ஸ்போர்ட் பிரேஸ் வேலை செய்வது கவுலுக்கு முன்னால். இரண்டு ஷாக் டவரையும் கவுலின் நடுவோடு முக்கோணமாகக் கட்டுகிறது. இந்த வண்டியில் முன் காயில் ஸ்பிரிங் மேல் கன்ட்ரோல் ஆர்மின் மீது உட்காருகிறது. சாலையின் அடி முழுவதும் ஷாக் டவரின் தலைக்குத்தான் போகிறது, டவர்கள் மெல்ல உள்பக்கம் சாய்கின்றன. அதைத் தடுக்க இந்த இரண்டு பாகமும் அருமையான மருந்து. ஆனால் முருகு சொன்ன நோய் கதவில் இருக்கிறது. அதற்கு மருந்து தரைக்கு அடியில்தான். பிரேஸ் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. இடம் வேறு என்கிறேன்.

(போனி கார், ஒத்துக்கொள்கிறேன். 67இல் இஞ்சின் அறையை அகலப்படுத்தி 390 கன இன்ச் இஞ்சின் வைத்த பிறகு மசில் கார் என்று சொல்லலாமா, வேண்டாமா என்பதை வேறு இழையில் வைத்துச் சண்டை போடுவோம்.)

#5 | டொரொண்டோ கமரோ

வணக்கம் தம்பி முருகு. என்னட்ட நிக்கிறது 1968 கமரோ. உங்கட வண்டியில் இல்லாத ஒரு கூத்து இதில் இருக்கு. பின்பக்கம் யூனிபாடி, முன்பக்கம் முழுக்கத் தனிச் சப்ஃபிரேம், போல்ட்டில் தொங்குது. ஃபயர்வாலுக்கு (இஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கிற சுவர்) கீழே இரண்டு, முன் சீட்டுக்கு அடியில் இரண்டு, ரேடியேட்டர் தாங்கியில் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ரப்பர் புஷ். ஐம்பது வருடத்தில் அந்த ரப்பர் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துபோகும். அதற்குப் பிறகு இஞ்சின் ஒரு பக்கம் போகும், பாடி இன்னொரு பக்கம் போகும்.

கனக்க பேர் கமரோவுக்கு முதலில் கனெக்டர் வாங்குகினம். புஷ் மாற்றாமல் கனெக்டர் போட்டுப் பிரயோசனம் இல்லை. நான் போட்டது திட அலுமினியப் புஷ். நாலையும் சேர்த்து மாற்ற வேணும். இரண்டு ரப்பர், இரண்டு அலுமினியம் எண்டு கலந்தால் அசைவு முழுக்க ரப்பர் இருக்கிற இடத்தில் போய் விழும், தகடு வெடிக்கும். ரேடியேட்டர் தாங்கியில் இருக்கிறதை மட்டும் நான் ரப்பராகவே விட்டுட்டன். இறுக்கும் முன்னர் சப்ஃபிரேமை நேர் பார்க்க வேணும். ஃபயர்வால் அருகே சப்ஃபிரேமிலும் பாடியிலும் ஒன்றுக்கு நேரே ஒன்றாக ஓட்டை இருக்கும், 5/8 இன்ச் கம்பி இரண்டிலும் சுகமாக இறங்கினால் நேர். கம்பி இறங்காமல் போல்ட்டை இறுக்கினால் நாலு சில்லும் நாலு திசை பார்க்கும்.

இது உங்கட வண்டிக்குத் தேவையில்லை. இந்த இழையைப் பார்த்து ஆரும் கமரோக்காரர் வந்தால் உதவும் எண்டு எழுதினன்.

#6 | மிச்சிகன் முருகு

எல்லோருக்கும் நன்றி. தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் அடியிலிருந்த சணல் பஞ்சு ஈரமாக இருந்தது, மேலே வெயில் அடிக்கிற நாளில். கீழே படுத்து டார்க் பாக்ஸை ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன். ஓரத்தில் உள்ளே போய்விட்டது. வலப்பக்கம் டார்க் பாக்ஸே இல்லை, ஆசாமி சொன்னபடி.

#7 | அதிர்வு ஆசாமி

ஈரம் மேலேயிருந்துதான் வருகிறது. முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள கவுலுக்குள் காற்றுக்காக இரண்டு கழுத்துகள் இருக்கும். அவற்றைச் சுற்றித் துருப்பிடித்தால் மழைத் தண்ணீர் நேராகக் கால் அடிக்கு இறங்கும். இந்தக் கால மஸ்டாங்குகளின் பரம்பரை வியாதி. ஹோஸ் பைப்பால் கவுல் கிரில் மேல் தண்ணீர் விட்டு, ஒருவரை உள்ளே படுக்க வைத்து டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். சொட்டும் இடம் தெரிந்துவிடும்.

முன் வலப்பக்கம் பேட்டரித் தட்டுக்குக் கீழேயும் பாருங்கள். ஆசிட் வழிந்து ஏப்ரனை (சக்கரத்துக்கு உள்பக்கத் தகடு) தின்று ரெயில் வரை இறங்கியிருக்கும். பின்னால் லீஃப் ஸ்பிரிங்கின் முன் கண் மாட்டும் இடமும் அப்படித்தான். கனெக்டரின் ஒரு முனை அதற்குப் பக்கத்தில்தான் உட்காரும். துருவின் மேல் வெல்டு நிற்காது, நின்றாலும் பக்கத்துத் தகடு கிழியும்.

இதையெல்லாம் முடிக்காமல் கூடையில் எதையும் வாங்காதீர்கள்.

#8 | நைட்ரோ நவீன்

அண்ணே, இவ்வளவு எதுக்கு? நாலு புள்ளி ரோல் பார் ஒண்ணு வாங்கிப் போட்டா முடிஞ்சுது. கனெக்டரை விட டபுள் ஸ்டிஃப்.

#9 | அதிர்வு ஆசாமி

நவீன், ரோல் பார் விறைப்பு தரும், மறுக்கவில்லை. ஆனால் தெருவில் ஹெல்மெட் இல்லாமல்தான் ஓட்டப்போகிறார். பின்னாலிருந்து ஒருவன் இடித்தால் தலை போய் முட்டுவது அந்த இரும்புக் குழாயில். பஞ்சு சுற்றினாலும் இரும்பு இரும்புதான். பின் சீட்டில் பிள்ளைகள் உட்காரும் வண்டியில் அந்தப் பேச்சே வேண்டாம். தவிர, அதன் கால்கள் நிற்பதும் அதே மெல்லிய தரையில்தானே?

#10 | பாய்லர் பட்டறை

ஹூஸ்டனிலிருந்து. திருவெறும்பூர் பக்கம் பாய்லர் வேலையில் வெல்டிங் பழகியவன், இப்போது இங்கே பைப்லைன் வேலை. சனிக்கிழமைகளில் பழைய கார். கனெக்டர் போல்ட்டா வெல்டிங்கா என்ற கேள்விக்கு வருகிறேன்.

போல்ட் போடலாம். ஆனால் ரெயில் உள்ளே பொள்ளல். போல்ட்டை இறுக்க இறுக்கத் தகடு உள்வாங்கும், பிறகு தளரும். ஓட்டை முட்டை வடிவமாகும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் உள்ளே குழாய்த்துண்டு ஒன்றை ஸ்லீவாக வைத்தால்தான் இறுக்கம் நிற்கும். அவ்வளவு சிரமப்படுபவர் வெல்டிங்கே வைத்துவிடலாம். நான் செய்வது, போல்ட் அல்லது கிளாம்ப் போட்டு இடத்தில் நிறுத்தி, எல்லாம் பொருந்துகிறதா என்று பார்த்து, அதன் மேல் வெல்டிங்.

கனெக்டர் எடுக்கும்போது சும்மா இரண்டு ரெயிலை மட்டும் தொடுகிற நேர்க் குழாயா, தரையின் வளைவுக்கு ஏற்ப வளைந்து முழுநீளமும் தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள். தரையைத் தொட்டுக்கொண்டு போவதுதான் சரி. மூன்று பக்கத் தகடாக வருவதையும் தரையோடு ஒட்ட வைத்தால் தரையே நாலாவது பக்கமாகி மூடிய பெட்டி ஆகிவிடும். மூடிய பெட்டி முறுக்காது. திறந்த பட்டி எவ்வளவு தடிமன் ஆனாலும் முறுக்கும். டின் மேன், குளோபல் வெஸ்ட், டோட்டல் கன்ட்ரோல் மூன்றுமே இந்த வண்டிகளுக்குக் கனெக்டர் செய்கிறார்கள், வடிவம் ஒவ்வொன்றும் வேறு. ஹார்ட்டாப்புக்கா, கன்வர்டிபிளுக்கா என்று பார்த்து ஆர்டர் கொடுங்கள். கன்வர்டிபிளின் அடியில் கூடுதல் தகடு இருப்பதால் ஒன்று மற்றதில் உட்காராது.

இப்போது முக்கியமானது. வண்டியின் எடை நாலு சக்கரத்தின் மேலும் இருக்கும்போதுதான் வெல்டிங் வைக்க வேண்டும். இரண்டு தூண் லிஃப்டில் தூக்கினால் முன்னும் பின்னும் தொங்கும், நடு வளையும். அந்த வளைவோடு கனெக்டரை ஒட்டினால் அந்த வளைவு அப்படியே நின்றுவிடும். கீழே இறக்கியதும் கதவு மூடாது. ஏறிப்போய் நிற்கும் நாலு தூண் லிஃப்ட் கிடைத்தால் அதுதான் நல்லது. இல்லையென்றால் நாலு சக்கரத்தையும் ஒரே உயரத்தில் கனமான ராம்ப்களில் ஏற்றி நிறுத்துங்கள். ஆக்சிலுக்கு அடியிலும் முன் கீழ் ஆர்மின் பால் ஜாயின்ட் ஓரத்திலும் ஸ்டாண்டு கொடுப்பவர்கள் உண்டு. எடை ஸ்பிரிங் வழியாக வருவதால் கணக்கு சரிதான், ஆனால் அடியில் படுத்து வேலை செய்யும்போது எனக்கு அது பிடிக்காது.

தொடங்கும் முன் இரண்டு கதவையும் மூடி, இடைவெளியை மேலே, நடுவே, கீழே என்று அளந்து மாஸ்கிங் டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டுங்கள். இடைவெளி ஏற்கெனவே மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் பாடி தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை நடுவில் ஜாக் கொடுத்துச் சரிசெய்யாமல் வெல்டிங் மிஷினை ஆன் பண்ணக்கூடாது.

மிக் வெல்டிங், 0.030 இன்ச் கம்பி, 75 சதவீதம் ஆர்கான் 25 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயு. ஓர் இன்ச் வைத்து, இரண்டு மூன்று இன்ச் விட்டு, அடுத்த ஓர் இன்ச். இடப்பக்கம் முன்னால் ஒன்று, வலப்பக்கம் பின்னால் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போங்கள். ஒரே இடத்தில் சூடு ஏறினால் தரை அலை அலையாகும். தரைத் தகடு மெல்லிசு, கனெக்டர் தடிமன். தீப்பொறியைக் கனெக்டரின் மேல் நிறுத்தி, உருகிய இரும்புக் குட்டையைத் தகட்டுக்கு இழுத்துவர வேண்டும். நேராகத் தகட்டில் அடித்தால் ஓட்டைதான் மிஞ்சும்.

#11 | மிச்சிகன் முருகு

பட்டறை அண்ணே, இதை அச்சடித்துச் சுவரில் ஒட்டப் போகிறேன். வீட்டு காரேஜில் வைக்கலாமா?

#12 | பாய்லர் பட்டறை

வைக்கலாம், பயத்தோடு. முன் சீட்டு, தரை விரிப்பு, சணல் பஞ்சு, ஒலித்தடுப்பு எல்லாம் வெளியே. பின் சீட்டும் வெளியே. அடியில் பூசிய தார்ப்பூச்சை வெல்டிங் இடத்திலிருந்து சில இன்ச் தள்ளியும் சுரண்டி எடுக்க வேண்டும், இல்லையென்றால் அது உருகித் தீப்பிடித்துச் சொட்டும். பெட்ரோல் குழாயும் பின் பிரேக் குழாயும் எந்த வழியாகப் போகின்றன என்று பார்த்துக் கிளிப்பைக் கழற்றித் தள்ளி வையுங்கள், ஹேண்ட்பிரேக் கேபிளையும். டேங்கைக் காலி செய்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம்; காலி டேங்கில் இருக்கும் ஆவிதான் ஆபத்து. முடிந்தால் டேங்கையே இறக்கிவிடுங்கள்.

பேட்டரி கேபிள் இரண்டையும் கழற்றுங்கள். தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில். வெளியில் ஓர் ஆள் நின்று காருக்குள்ளே பார்க்க வேண்டும். அடியில் படுத்திருப்பவருக்கு மேலே புகைவது தெரியாது. வேலை முடிந்த பிறகும் அரைமணி நேரமாவது காரேஜை விட்டுப் போகாதீர்கள்.

இன்னொரு விஷயம், இதைக் கட்டாயம் படியுங்கள். இரும்பைத் துடைக்க பிரேக் கிளீனர் அடிக்காதீர்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் மிச்சம் ஈரமாக இருக்கும்போது ஆர்க் பட்டால் ஃபாஸ்ஜீன் வாயு வரும். அது ஆளைக் கொல்லும் விஷம், முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்படுத்தியது. அசிட்டோன் போட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, டப்பாவை வெளியே வைத்துவிட்டு வாருங்கள். துத்தநாகம் பூசிய தகடாக இருந்தால் வெள்ளைப் புகை வரும். கதவைத் திறந்து வைத்து, சரியான முகமூடியோடு செய்யுங்கள்.

#13 | ஒரிஜினல் மட்டும்

சரி, கனெக்டர் விஷயத்தில் தோற்றேன். ஆனால் டார்க் பாக்ஸ் வாங்கும்போது பழைய டிசைனிலேயே அடித்து வருவதை வாங்குங்கள். கன்வர்டிபிளுக்குத் தொழிற்சாலையிலேயே வைத்ததுதான் வலப்பக்கமும் உட்காரப் போகிறது, அதனால் பார்ப்பவன் கண்ணுக்குப் புதிதாக எதுவும் தெரியாது. ஸ்பாட் வெல்டு இருந்த இடங்களில் 5/16 இன்ச் ஓட்டை போட்டு ப்ளக் வெல்டு வைத்து, மேலே தேய்த்துவிட்டால் பழைய வண்டி போலவே இருக்கும்.

#14 | டொரொண்டோ கமரோ

ஒரிஜினல் அண்ணை இவ்வளவு இறங்கி வந்ததை இப்பதான் பார்க்கிறன் :)

இன்னொரு விஷயம். என்ர சிநேகிதர் ஒருவர் 1970 ஷெவல் வைத்திருக்கிறார். அதுக்கும் சப்ஃபிரேம் கனெக்டர் தேடித் திரிஞ்சார். ஷெவலுக்கு அடியில் முழு ஃபிரேம் தனியாக இருக்கு, இணைக்க அங்கே இரண்டு துண்டு இல்லை. அதில் செய்கிற வேலை வேற: பாடி புஷ் மாற்றுறது, ஃபிரேமின் திறந்த பக்கத்துக்குத் தகடு வைத்துப் பெட்டியாக்கிறது, பின் கன்ட்ரோல் ஆர்ம் மாட்டும் இடங்களைப் பிரேஸால் கட்டுறது. பேரைப் பார்த்துப் பாகம் வாங்காமல், வண்டியின் அடியைப் பார்த்து வாங்குங்கோ.

#15 | மிச்சிகன் முருகு

நிலவரம்: கவுலைத் திறந்து ஓட்டைகளை அடைத்தாயிற்று. இடப்பக்க டார்க் பாக்ஸ் புதுசு, வலப்பக்கமும் புதுசு. ஓட்டுநர் பக்கத் தரையில் பாதி புதுத் தகடு. கனெக்டரை இங்கே பக்கத்தில் ஒரு பட்டறையில் கொடுத்தேன், நாலு தூண் லிஃப்ட் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான். அதற்கு முன்னால் கேட்ட இன்னொரு பட்டறை "எந்த லிஃப்டா இருந்தா என்ன?" என்றது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வேலைக்கு முன்னால் ஒன்று செய்து பார்த்தேன். முன் சக்கரத்துக்குப் பின்னால் ரெயிலில் ஜாக் கொடுத்து ஏற்றினேன். முன் சக்கரம் தரையை விட்டு நன்றாக எழும்பிய பிறகும் அதே பக்கப் பின் சக்கரம் அசையவில்லை. கதவின் பின் விளிம்பில் இடைவெளி மாறுவது மட்டும் கண்ணுக்கே தெரிந்தது. கனெக்டர் வைத்த பிறகு அதே இடத்தில் ஜாக். முன் சக்கரம் எழும்பிய கொஞ்ச நேரத்தில் பின் சக்கரமும் சுமையை விடுகிறது, டயரின் அடி உப்பல் குறைகிறது. கதவு இடைவெளி அப்படியே நிற்கிறது. ஜாக் மேலே இருக்கும்போதே கதவைத் திறந்து ஒரு விரலால் மூடினேன்.

ரயில்வே கேட்டில் இன்னும் ஒரு குலுக்கல் இருக்கிறது, ஆனால் ஒரே அடியாக 'தம்' என்று முடிந்துவிடுகிறது. பிறகு நடுங்கிக்கொண்டே இருப்பதில்லை.

இப்போது அடுத்த சிக்கல். எக்ஸ்போர்ட் பிரேஸ் வந்தது. கவுலில் மாட்டினால் டவரில் ஓட்டை சேரவில்லை. ஏறக்குறைய 3/8 இன்ச் தப்புகிறது. பாகம் தப்பா?

#16 | அதிர்வு ஆசாமி

பாகத்தைத் திட்டுவதற்கு முன் டவரைப் பாருங்கள். அறுபது வருடமாக உள்ளே சாய்ந்துகொண்டிருக்கிறது என்று மேலே சொன்னேனே, அதுதான். அத்தாட்சி வேண்டுமென்றால் மேல் கன்ட்ரோல் ஆர்மின் தண்டுக்கும் டவருக்கும் நடுவில் செருகிய மெல்லிய தகடுகளை, அதாவது ஷிம்களைப் பாருங்கள். 65, 66இல் கேம்பரை (சக்கரத்தின் தலை உள்ளே வெளியே சாயும் கோணம்) அந்த ஷிம்மால்தான் சரிசெய்வார்கள். 67 முதல் கீழ் ஆர்மில் எக்சென்ட்ரிக் போல்ட் வந்துவிட்டது. டவர் உள்ளே சாய்ந்தால் சக்கரத்தின் தலையும் உள்ளே சாயும், அலைன்மென்ட்காரர் ஒவ்வொரு முறையும் ஒரு ஷிம்மைச் சேர்த்து வெளியே தள்ளியிருப்பார். உங்கள் வண்டியில் தடிமனான ஷிம் அடுக்கு இருந்தால் சாய்ந்தது டவர்தான்.

பிரேஸின் ஓட்டையை ஃபைல் போட்டு அகட்டி மாட்டாதீர்கள். அப்படி மாட்டினால் சாய்ந்த நிலையையே நிரந்தரமாக்கிவிடுவீர்கள். முதலில் ஆர்ம் மாட்டும் இடத்தைச் சுற்றியும், டவரும் ஏப்ரனும் சேரும் மடிப்பிலும் பெயின்டைச் சுரண்டி வெடிப்புப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் அதற்கு முதல் மருத்துவம். 1969 பாஸ் 302 மஸ்டாங்கில் ஃபோர்டே டவருக்குக் கூடுதல் தகடு வைக்க வேண்டிவந்தது, அதனால் வெடிப்பு இருந்தால் அதிசயமில்லை.

வெடிப்பு இல்லையென்றால், இரண்டு டவருக்கும் நடுவில் ஹைட்ராலிக் போர்ட்டா பவர் வைத்து மெல்ல அகட்டுங்கள். முனைகளில் மரக்கட்டை கொடுங்கள், மெல்லிய தகட்டில் நேராக முட்டக்கூடாது. கொஞ்சம் தள்ளி, விட்டுப் பார்த்து, அளந்து, மறுபடி. தகடு கொஞ்சம் திரும்பி வரும், அதனால் தேவைக்கு ஒரு மயிரிழை அதிகம் போக வேண்டியிருக்கும். ஓட்டை சேர்ந்ததும் பிரேஸை மாட்டிவிட்டு, பிறகு மான்டி கார்லோ பார்.

#17 | ஒரிஜினல் மட்டும்

மான்டி கார்லோ பாரில் நேரானதும் உண்டு, வளைந்ததும் உண்டு. உங்கள் ஏர் கிளீனர் இடம் தந்தால் நேரானதைப் போடுங்கள். வளைந்த பாரை அமுக்கினால் வளைவு இன்னும் கொஞ்சம் வளையத்தான் பார்க்கும். இடம் இல்லாதவர்களுக்கான சமாதானம் அது.

#18 | மிச்சிகன் முருகு

ஷிம் பார்த்தேன். இடப்பக்கம் அடுக்கு வலப்பக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெடிப்பு இடப்பக்கம் ஒன்று, நகக்கீறல் அளவுக்கு, கீழ் போல்ட் ஓட்டையிலிருந்து பின்பக்கம் போகிறது. பட்டறை அதன் இரண்டு முனையிலும் சின்ன ஓட்டை போட்டு, வி வடிவில் தேய்த்து வெல்டு வைத்து, மேலே தகடு ஒன்று கொடுத்தது. பிறகு டவரை அகட்டி, பிரேஸ் கையாலேயே உட்கார்ந்தது. நேரான பாரும் போட்டாயிற்று. ஏர் கிளீனர் மூடிக்கும் பாருக்கும் நடுவில் விரல் நுழையாது, ஆனால் இடிக்கவில்லை. சாவி போட்டு ஆக்சிலரேட்டரை உதைத்து இஞ்சின் ஆடும்போதும் பார்த்துவிட்டேன்.

அலைன்மென்ட் இப்போதே செய்யலாமா?

#19 | அதிர்வு ஆசாமி

செய்யாமல் ஓட்டவே கூடாது. டவரை நகர்த்திய பிறகு பழைய ஷிம் கணக்கெல்லாம் செல்லாது. இடப்பக்க அடுக்கில் பாதியாவது வெளியே வரும் பாருங்கள். காஸ்டரையும் (ஸ்டீயரிங் அச்சு முன்னும் பின்னும் சாயும் கோணம்) கவனிக்கச் சொல்லுங்கள். ஃபோர்டு புத்தகத்தில் உள்ள அளவு அந்தக் கால பயாஸ் டயருக்கானது. ரேடியல் டயரில் கொஞ்சம் கூடுதல் பாசிட்டிவ் காஸ்டர் கொடுத்தால் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நேராக நிற்கும்.

கனெக்டரின் வெல்டிங் இடங்களில் ப்ரைமரும் மடிப்புகளில் சீலரும் பூசியாகிவிட்டதா? உள்ளே மெழுகும் அடித்துவிடுங்கள். மூடிய பெட்டி உள்ளிருந்துதான் துருப்பிடிக்கும்.

#20 | மிச்சிகன் முருகு

ப்ரைமர், சீலர் ஆச்சு. மெழுகு இந்த வாரம். அலைன்மென்ட் சனிக்கிழமை.

#21 | ஒரிஜினல் மட்டும்

முருகு, கழற்றிய இரண்டு பழைய பிரேஸையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போல்ட்டுகளோடு ஒரு பையில் கட்டிப் பெயர் எழுதிப் பரணில் வையுங்கள். வண்டியை என்றாவது விற்றால் வாங்குபவன் முதலில் கேட்பது அதைத்தான். வேண்டாமென்றால் எனக்கு அனுப்புங்கள், தபால் செலவு என்னுடையது.